லிஃப்ட்டை யார் ரிப்பேர் பண்ணச் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நலமும் தங்கள் வார இதழின் நலமும் விழைகிறேன். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். என் மௌனத்தைத் தாங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. நான் இதுவரை எழுதிய பதினான்கு கடிதங்களில் இரண்டைத்தான் வெளியிட்டீர்கள். அதிலும் ஒன்றை மூன்று வரியாக நறுக்கி, சமையல் குறிப்புக்கு அடியில் போட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது எழுதுவது அதற்காக அல்ல.

சென்ற இதழில் 'பெயர் சொல்ல விரும்பாத வாசகர்' ஒருவர், 'லிஃப்ட் வேலை செய்யாது' தொடரின் ஆறாவது சீசன்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். தொடரைப் பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: எட்டு மாடிக் குடியிருப்பு, பழுதான ஒரு லிஃப்ட், படியேறி மூச்சு வாங்கும் குடித்தனக்காரர்கள், அவ்வளவுதான் கதை. ஐந்து சீசன் முழுக்க எல்லாச் சண்டையும் எல்லாச் சமாதானமும் படிக்கட்டில்தான் நடந்தன. ஆறாவது சீசனின் முதல் காட்சியில் ஒரு மெக்கானிக் வருகிறார், பெட்டியைத் திறக்கிறார், லிஃப்ட் ஓடுகிறது. ஐயா, லிஃப்ட் ஓடிவிட்டால் அப்புறம் எதற்கு அந்தத் தொடர்? இதைக் கேட்க அங்கே ஒரு ஆள் இல்லையா? நான் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் ஆய்வாளர். ஐந்து சீசனாக நின்றுகிடந்த லிஃப்ட்டை, கயிற்றைச் சோதிக்காமல், எடை ஏற்றி ஓட்டிப் பார்க்காமல், சான்றிதழ் இல்லாமல், ஒரே மதியத்தில் ஆட்களை ஏற்றி அனுப்புகிறார்கள். நானாக இருந்தால் அன்றைக்கே சீல் வைத்திருப்பேன். தொடரும் பிழைத்திருக்கும்.

அந்த வாசகர் யார் என்று எனக்குத் தெரியும். 'வேர்வரை போகாமல் மேல்பூச்சைச் சுரண்டுகிறவர்கள்' என்று என்னைப் போன்றவர்களைத் திட்டியிருக்கிறாரே, அப்படி எழுத ஒரு பல் டாக்டரால்தான் முடியும். அவர் என் அண்ணன். தங்கள் இதழை வாரம் தவறாமல் வாங்கி, படித்து முடித்து, தம் கிளினிக்கின் வரவேற்பறையில் போட்டுவைப்பவர். அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே பேசிப் பேசி, எதிராளி பதில் சொல்ல மாட்டான் என்பது அவருக்குப் பழகிப்போய்விட்டது. ஐந்து சீசனும் நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். சேர்ந்து என்றால் அவர் அவர் வீட்டில், நான் என் வீட்டில். எபிசோடு முடிந்த அடுத்த நிமிஷம் போன் வரும். "பாத்தியாடா?" என்பார். "பாத்தேண்ணா" என்பேன். பிறகு இரண்டு பேரும் சிரிப்போம், வேறு பேச்சே இருக்காது. அப்பா காலமான வாரத்திலும் அந்தப் போன் வந்தது. அன்றைக்கு மட்டும் சிரித்து முடித்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

ஆறாவது சீசனின் இரண்டாவது எபிசோடுக்கு மறுநாள், கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொள்ள அவரிடம் போயிருந்தேன். வேலை முக்கால்வாசி முடிந்து, பல்லில் தற்காலிகச் சிமென்ட்டை வைத்து, அது இறுகட்டும் என்று இரண்டு பஞ்சு உருண்டைகளைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் உதட்டில் மாட்டிவிட்டு, நிதானமாக ஆரம்பித்தார்.

"இப்பதான்டா அந்தத் தொடர் தொடரா இருக்கு."

"ஆஆ," என்றேன்.

"அஞ்சு சீசனா அதே படிக்கட்டு, அதே மூச்சிரைப்பு. யாருக்குடா சலிக்காது?"

"ஆஆ! ஆஆ!"

"பாத்தீங்களாம்மா, தம்பியே ஒத்துக்கறான்," என்றார் உதவிக்கு நின்ற பெண்ணிடம். அந்த அம்மாவும், "ஆமா டாக்டர், சார் தலையைக்கூட ஆட்டுறாரு," என்றார். நான் ஆட்டியது மறுப்பு, ஐயா, மறுப்பு! அதோடு விட்டாரா? "உனக்கு லிஃப்ட் ஓடுனாலே ஆகாதுடா. ஓடறதை நிறுத்தறதுதானே உன் உத்தியோகம்," என்றார். குழாயைப் பிடுங்கினேன், பஞ்சைத் துப்பினேன், கழுத்தில் கட்டிய பச்சைத் துணியோடு தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு மட்டும் தாங்குகிற அந்தச் சிமென்ட்டோடு ஒன்பது வாரமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறேன்.

"ஏங்க, ஊர்ல வேற பல் டாக்டரே இல்லையா?" என்கிறாள் மனைவி. பால் பல் விழுந்த நாளிலிருந்து என் வாய்க்குள் அண்ணனைத் தவிர யாரும் கை வைத்ததில்லை என்பது இவளுக்குப் புரியவில்லை. "அப்ப ஒரு போன் பண்ணுங்களேன்." "அவரு பண்ணட்டும்." "அவரும் இதையேதான் சொல்றாராம், அக்கா சொன்னாங்க." அக்கா என்றால் என் அண்ணி. இருவரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆறாவது சீசனைப் பற்றித்தான்!

நான் பார்த்தது இரண்டு எபிசோடுதான், மீதியைப் பார்க்கவில்லை என்று யாராவது குறை சொல்லலாம். கயிறு அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் எட்டு மாடியும் போய்வர வேண்டியதில்லை. ஆகவே இக்கடிதத்தை ஒரு சொல்லும் குறைக்காமல், என் முழுப் பெயர், பதவி, வீட்டு முகவரியோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயரை ஒளித்துக்கொண்டு எழுதுவது முதுகெலும்பில்லாதவர் வேலை.

தங்களுக்கும், தபாலைப் பிரிப்பவர் முதல் படம் வரைபவர் வரை தங்கள் அலுவலகத்தார் அனைவருக்கும் என் வணக்கங்கள். எல்லோரும் சொத்தை இல்லாத பற்களோடு நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,

பி.கு.: மேலே 'இப்படிக்கு' வரை எழுதிவிட்டு, குற்றச்சாட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஆதாரம் சேர்க்கலாம் என்று நேற்று மாலை பதினோராவது எபிசோடைப் போட்டேன். போன சீசனிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத கணக்காளரும் தபால்காரரும் லிஃப்ட்டில் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். இருபது விநாடிப் பயணம். ஆளுக்கொரு முறை தொண்டையைச் செருமுகிறார்கள். கணக்காளர் சட்டென்று எட்டுப் பொத்தானையும் உள்ளங்கையால் அழுத்திவிடுகிறார். மாடிக்கு மாடி கதவு திறக்கிறது, ஆட்கள் பார்க்கிறார்கள், கதவு மூடுகிறது. ஐந்தாம் மாடியில் தபால்காரர், "லிஃப்ட் நல்லாத்தான் போகுது, இல்ல?" என்கிறார். நான் சிரித்த சிரிப்பில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். கை தானாகவே போனை எடுத்துவிட்டது.

"எத்தனாவதுடா?" என்றார் அண்ணன்.

"பதினொண்ணுண்ணா."

"நடுவுல உள்ளதெல்லாம்?"

"பாக்கல."

"பாக்காமயே ஒன்பது வாரம் சண்டையாடா! சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து சேரு. அந்தச் சிமென்ட்டை நெனச்சு நெனச்சு எனக்குத்தான் பல்லு வலிச்சுது."

ஆறாவது சீசனைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. பதினோராவது எபிசோடு விதிவிலக்கு. மற்றதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். கடிதத்தைத் தாராளமாக வெளியிடுங்கள். ஆனால் தங்கள் இதழ் சனிக்கிழமை காலையிலேயே அவர் கிளினிக்குக்குப் போய்விடும். மாலை ஐந்து மணிக்கு நான் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருப்பேன். துளைக்கிற மெஷின் அவர் கையில் இருக்கும். எனவே, கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.