செக்கன் அண்ணையின் காலை ஆறு மணி

நேரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து, அதே நேரத்தால் இவ்வளவு அவமானப்பட்ட மனிதர் செக்கன் அண்ணையைப் போல உலகத்தில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் சரியான நேரத்துக்குப் பிறந்திருக்க மாட்டார்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதை அவர் மனைவியே மறந்துவிட்டார். தெருவில் யாராவது "அண்ணை, என்ன நேரம்?" என்று கேட்டால் போதும். மணிக்கூட்டை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, "எட்டு மணி பன்னிரண்டு நிமிசம் நாப்பது செக்கன்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அது பொய்யாகிவிடுமே! "பொறு, நாப்பத்திநாலு... இல்லை, நாப்பத்தேழு" என்று துரத்திக்கொண்டே போவார். கேட்டவர் மன்னார் பஸ்ஸைத் தவறவிட்டு, தவறவிட்ட நேரத்தை மட்டும் செக்கன் சுத்தமாகத் தெரிந்துகொண்டு வீடு திரும்புவார்.

தாழ்வுபாட்டுக்கு அங்காலே ஒரு கரையோரக் கிராமம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் இரண்டு பேர் என்னைத் தேடி வருவார்கள். சண்டை முடிந்து சனம் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு வீட்டில் கூரை இருக்கும், கதவு இராது. அடுத்த வீட்டில் கதவு மட்டும் தனியே நின்று வரவேற்கும். வேதக் கோயிலுக்குப் புதுக் கூரை வந்திருந்தது. மணிதான் இல்லை. இடம்பெயர்ந்த காலத்தில் அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் செக்கன் அண்ணை தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்து இறங்கினார். கையில் ஒரு சூட்கேஸ், பின்னால் மனைவி பிலோமினா அக்கா, சட்டைப் பைக்குள் பொலித்தீன் சுற்றிய ஒரு கசெற். படகேறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் தங்கச்சி றெஜினாவுக்கு அதே கோயிலில் காலைப் பூசையில் கலியாணம் நடந்தது. அதை ஒலிப்பதிவு செய்த கசெற் அது. பாட்டுக்காரரின் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் அவருக்கு முன்னால், கணீரென்று, தொலைந்துபோன மணி அடித்துக்கொண்டிருந்தது.

நான் பங்கு மண்டபத்தில் கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு டிப்ளோமாவும் ஒரு கழுத்துப்பட்டியும் இருந்தன. இரண்டில் கழுத்துப்பட்டிக்குத்தான் பாவனை அதிகம். யாரோ உதவிக்காரர்கள் விட்டுப்போன குட்டிக் கணினி ஒன்று என் மேசையில் கிடந்தது, சவர்க்காரப் பெட்டி அளவில்.

"உதுக்குள்ளை இந்த மணிச் சத்தத்தைப் போட்டு, ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு ஸ்பீக்கரிலை அடிக்க வைக்கலாமோ தம்பி?" என்றார் செக்கன் அண்ணை.

"உதுக்குள்ளை எல்லாம் இருக்கு, அண்ணை" என்றேன் நான், கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி.

எல்லாம் இருந்தது. மணிக்கூடு மட்டும் இருக்கவில்லை.

காலை ஆறு, மத்தியானம், மாலை ஆறு என்று மூன்று வேளை செபத்துக்கு மணி. முதல் மாலை அது அடித்தபோது வலையில் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். செக்கன் அண்ணை மட்டும் கைமணிக்கூட்டைப் பார்த்து, "சுத்தம்" என்றார்.

அடுத்த நாள் மின்சாரம் போய், பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. இரண்டரைக்கு, வெயில் கொளுத்த, காலை மணி அடித்தது.

விசயம் இதுதான். பெரிய கணினிகளுக்குள்ளே ஒரு சின்னப் பற்றறி இருந்து, மின்சாரம் இல்லாதபோதும் மணிக்கூட்டை ஓட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சவர்க்காரப் பெட்டிக்கு அது கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போச்சு. திரும்ப விழிக்கும்போது, கணினிகளின் ஆதி நாளான 1970 ஜனவரி முதலாந் தேதி என்று நினைத்துக்கொள்ளும். அது லண்டன் கணக்கில் நள்ளிரவு. எங்கள் கணக்கில் விடிகாலை ஐந்தரை. ஆகவே மின்சாரம் எப்போது வந்தாலும், அரை மணித்தியாலத்தில் எங்கள் ஊருக்கு விடிந்துவிடும்.

அந்த நாட்களில் மன்னாரில் மின்சாரம் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகனைப் போல: எப்போது வரும், எப்போது கோபித்துக்கொண்டு போகும் என்று தெரியாது. இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்து படுத்தவர்கள், மத்தியானத்தில் எழும்பிச் சிலுவை அடையாளம் போட்டார்கள். மீன் விற்கும் திரேசம்மா அக்கா, பங்குச் சுவாமியிடம் நேரே போய், "பாதர், இண்டைக்கு இது எத்தினையாவது காலமை?" என்று கேட்டார்.

"செக்கன் அண்ணையைக் கேளுங்கோ" என்றார் பாதர்.

செக்கன் அண்ணை ஒரு கிழமை தெருவிலேயே இறங்கவில்லை. நேரம் கேட்பார்களே என்ற பயம்.

பிறகு நாங்கள் இருவரும் வைத்தியம் பார்த்தோம். முதலில் இணையத்திடம் நேரம் கேட்க வைத்தோம். சிக்னல் பனை உச்சியில்தான் இருந்தது. இணையம் பிடிக்கும் டொங்கிளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து உச்சியில் கட்டினோம். சோளகக் காற்று அடித்ததில் பெட்டி கடலில் விழுந்தது. மீன்களுக்கு இப்போது சரியான நேரம் தெரியும்.

அடுத்தது என் யோசனை. கணினிக்கு இப்படிக் கட்டளை: நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் குறித்துவை. விழித்ததும் குறித்த இடத்திலிருந்து தொடங்கு. 1970 ஒழிந்தது. ஆனால் மின்சாரம் நாலு மணித்தியாலம் இல்லையென்றால், அந்த நாலும் கணினிக்கு நடக்கவே இல்லை. மத்தியான மணி மாலை நாலுக்கு அடித்தது.

"நல்ல சீவியம்! லைட் இல்லாத நேரத்தை உது கணக்கெடுக்காதாம்" என்று திரேசம்மா அக்கா சிரித்தார்.

செக்கன் அண்ணை சிரிக்கவில்லை. "அப்பிடிப் பாத்தா, முகாமிலை கிடந்த காலத்தைக் கழிச்சுவிட்டா நான் இன்னும் இளந்தாரி" என்றார்.

வீட்டுக்குள்ளேயிருந்து பிலோமினா அக்காவின் குரல் வந்தது: "அப்ப நானும் குமர்தான். உங்களை இன்னொருக்காக் கட்ட மாட்டன், சொல்லிப்போட்டன்."

திருவிழா நெருங்கியது. பாதர் கூப்பிட்டு அனுப்பினார். "செக்கன் அண்ணை, கொடியேத்தம் பின்னேரம் ஆறு மணி. அண்டைக்கும் உந்தக் கூத்தெண்டால், தண்டவாளத் துண்டொண்டைக் கட்டித் தூக்கி அடிப்பம். சனத்துக்கு நித்திரை வேணும்."

வெளியே வந்ததும் செக்கன் அண்ணை மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "றெஜினா வாறாள் தம்பி. கொடியேத்தத்துக்கு. இன்னும் முகாமிலைதான் இருக்கிறாள். மணி வேலை செய்யுதெண்டு எழுதினனான். அவள் தண்டவாளத்தைக் கேக்கவோ வாறது?"

நான் அன்றைக்குக் கழுத்துப்பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு உண்மையாகவே படித்தேன். பற்றறி வைத்த மணிக்கூட்டுத் துண்டொன்று, விரல்நகம் அளவில், தனியே விற்பார்களாம். கொழும்புக்குப் போகும் மீன் லொறிச் சாரதியிடம் சொல்லிவிட்டோம். ஐஸ் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. பொருத்தினோம், என் பழைய வித்தையைக் கழற்றி எறிந்தோம். றேடியோச் செய்திக்கு முன் வரும் பீப் ஒலிக்காகச் செக்கன் அண்ணை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிப் பீப்புக்கு நான் பொத்தானை அழுத்தினேன்.

கொடியேற்றத்தன்று ஆறு மணிக்குக் கொஞ்சம் முன் மின்சாரம் போனது. முற்றம் நிறையச் சனம். எல்லாத் தலையும் செக்கன் அண்ணை பக்கம் திரும்பியது. மின்சாரம் வந்தது. "இனி ஆறரைக்குத்தான் விடியும்" என்று யாரோ சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது. கொடி ஏறியது. சனம் கைதட்டியது.

"மூண்டு செக்கன் பிந்தீட்டுது" என்றார் அவர். கண் வாசலிலேயே இருந்தது. றெஜினா வரவில்லை. பயணப் பத்திரம் கிடைக்கவில்லையாம்.

திருவிழா முடிந்து, கொடியும் இறங்கி, ஊர் பழையபடி மீன் காயவைக்கத் தொடங்கிய ஒரு நாள், பிற்பகலில் காலை மணி அடித்தது. கோயிலுக்கு ஓடினேன்.

வாசற்படியில் செக்கன் அண்ணை. பக்கத்தில் அவரைப் போலவே மூக்குள்ள ஒரு பெண், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடி. மத்தியான பஸ்ஸில் வந்திருக்கிறார். மூன்று மணிக்கு வெள்ளாங்குளத்துக்கு வான், புருசனின் ஆட்களைப் பார்க்க. அங்கிருந்து அப்படியே கொழும்பு, பிளேன். மாலை ஆறு மணி வரை நிற்க அவரிடம் நேரம் இல்லை.

செக்கன் அண்ணையின் உள்ளங்கையில் அந்தக் குட்டிப் பற்றறி இருந்தது.

"ஏன் அண்ணை, சும்மா அந்தச் சத்தத்தைப் போட்டிருக்கலாமே? ஒரு பொத்தான்தானே!"

அவர் என்னைப் பாவம் செய்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நேரமில்லாத நேரத்திலை நான் மணி அடிக்கிறதோ? சுவிச்சை நிப்பாட்டி, பற்றறியைக் கழட்டி, திரும்பச் சுவிச்சைப் போட்டுட்டு, அரை மணித்தியாலம் ரெண்டு பேரும் இதிலை இருந்தனாங்கள். இப்ப உதுக்குக் காலமை ஆறு மணி. அதுவா அடிச்சது."

"காலமைப் பூசைக்குத்தானே அண்ணா என்ரை கலியாணம்" என்றார் றெஜினா.

"ஓம் பிள்ளை. காலமைதான்."

வான் போன பிறகு அவர் நெடுநேரம் தெருவில் நின்றார். பிறகு உள்ளே வந்து பற்றறியைப் பொருத்தினார். நேரத்தைத் திரும்பவும் கொடுக்கவேண்டும். அவருடைய மணிக்கூடு கையில் இல்லை. தங்கச்சியின் கையில் வெள்ளாங்குளம் போய்க்கொண்டிருந்தது.

"என்ன நேரம் தம்பி?"

"மூண்டேகால் இருக்கும், அண்ணை."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன். 'இருக்கும்' என்று அவரிடம் சொல்லலாமா?

"அவ்வளவு காணும்" என்றார். "போடு."

செக்கன் அண்ணை இப்போது இல்லை. அந்த மணி இன்னும் கொஞ்சம் பிந்தித்தான் அடிக்கிறது. திருத்துவது ஒரு நிமிட வேலை. எனக்குத்தான் கை வரவில்லை.