கடல் மிருகமும் என் தலையும்

ஒரு படத்தைப் பார்க்காமலேயே முழு மனதோடு வெறுக்க முடியும். முப்பதாவது வயதில் அதை நான் செய்துகாட்டினேன். செய்துகாட்டிய இடம்தான் தப்பாகிவிட்டது.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். பழைய ஹாலிவுட் படம். ஒரு கலங்கரை விளக்கம், அதில் தனியாக வாழும் ஒரு கிழவன், கடலிலிருந்து எழுந்து வரும் ஒரு மிருகம். பள்ளிக்கூட நாட்களில் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. அந்தக் கிழவன் மிருகத்திடம் "நீயும் தனியாத்தான் வந்தியா?" என்று கேட்கும் இடத்தில் நான் அழுதிருக்கிறேன். (இருபது தடவை. கடைசித் தடவை போன வருடம்.)

அந்தப் படத்தை மறுபடி எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. கிழவனாக யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தபோது சோறு இறங்கவில்லை. இருபத்தைந்து வயதுப் பையன். வயிற்றில் சிக்ஸ் பேக். முப்பது வருடம் கடலுக்கு நடுவே தனியாகக் கிடந்தவனுக்கு வாராவாரம் யார் முடி வெட்டிவிட்டார்கள்? இதைக் கேட்டு ரசிகர்கள் குழுவில் நீளநீளமாக எழுதினேன். "யாரும் தியேட்டர் பக்கம் போகாதீர்கள், ஓடாமல் போனால்தான் புத்தி வரும்" என்று முடித்தேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். தொம்மலூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். அங்கே யாரும் என்னைப் பாராட்டியதில்லை. அதனால் இந்தப் புகழ் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். தொம்மலூருக்குப் பக்கத்தில் ஜோகுபாளையத்தில், கன்னட மண்ணில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெண் பெயர் பவித்ரா. 'மல்டிமீடியாவில் வேலை' என்று ஜாதகத்தோடு வந்த தாளில் போட்டிருந்தது. கல்யாண ஆல்பம் போடுவார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு தடவை போனில் பேசினோம். மெதுவாகப் பேசுவார். நான் பேசினால் சிரிப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. மூன்றாவது தடவை அவரே கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஒரு இங்கிலீஷ் படம் ரிலீஸ் ஆகுது. பாக்கலாமா? அப்பா அம்மாவும் வருவாங்க, பின்னாடி சீட்ல."

அதே படம்!

"நான் முதல் நாளே போறதாத்தான் இருந்தேன்," என்றேன். (கிழித்துத் தொங்கவிட. அதைச் சொல்லவில்லை.)

"அப்படியா!" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை, என்னைப் போலவே பழைய படத்தின் ரசிகை ஒருத்தியின் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. பவித்ரா பட்டுப்போல் ஒரு சுடிதாரில் வந்திருந்தார். படத்துக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று நினைத்தேன். எனக்காகத்தான் என்று தோன்றியதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவருடைய அம்மா தலை நிறையப் பூ வைத்திருந்தார். அப்பா கையில் போனைத் தயாராக வைத்துக்கொண்டு எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன்.

"பாருங்க, இவன் விளக்கு ஏத்துறானா, ஜிம்முக்குப் போறானா?"

பவித்ரா புன்னகைத்தார். உற்சாகமாகிவிட்டேன். வசனம், இசை, கதாநாயகனின் பல் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் மிருகம் கடலிலிருந்து எழுந்தது. உடம்பெல்லாம் தண்ணீர் வழிய வழிய நின்றது. பவித்ரா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தண்ணியா இது? ஆறின ரசம் மாதிரி வழியுது," என்றேன்.

"தண்ணி நல்லா இல்லையா?" என்று திரும்பிக் கேட்டார். படம் முழுவதும் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"எவனோ தூக்கத்துல பண்ணியிருக்கான்."

"தூக்கமே இல்லாம பண்ணியிருப்பாங்க," என்றார் மெதுவாக.

நல்ல ஜோக் என்று நினைத்து நான் சத்தமாகச் சிரித்தேன்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஜனங்கள் கிளம்பினார்கள். பவித்ரா எழுந்திருக்கவில்லை. நான் எழுந்து, கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தேன்.

"தம்பி, உக்காருங்க," என்றார் பின்னாலிருந்து அவர் அப்பா.

"பரவால்ல அங்கிள், நீங்க முதல்ல வாங்க," என்று வழிவிடும் பணிவோடு நன்றாக நிமிர்ந்து நின்றேன்.

"உக்காருங்க தம்பி! தலை, தலை! ஐயோ கடவுளே, தலையை எறக்குங்க!"

என்ன தலை என்று திரும்பிப் பார்ப்பதற்குள் போன் 'க்ளிக்' என்றது. அடுத்த கணம் திரையில் ஒரு வரி மேலே போய்விட்டது.

அவர் போனைத் தாழ்த்திப் பார்த்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் கன்னங்கரேலென்று ஒரு மண்டை. ஒரு காதுக்குப் பக்கத்தில் ஒரு பெயரின் முதல் எழுத்து. இன்னொரு காதுக்குப் பக்கத்தில் கடைசி எழுத்து. நடுவில் முழுக்க நான்.

"பதினாலு மாசம் தூங்கல தம்பி என் பொண்ணு," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அந்தத் தண்ணி முழுக்க கம்ப்யூட்டர்ல இவ டீம் பண்ணது. ரிலீஸ் வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆஃபீஸ்ல எழுதி வாங்கிட்டாங்க. பேரு வரும்போது உங்களுக்குக் காட்டணும்னு இருந்தா."

பவித்ரா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "விடுங்கப்பா, சின்ன எழுத்துதானே," என்று சொல்லி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் மாலை பவித்ராவின் அப்பா என் அம்மாவுக்குப் போன் செய்தார். "பையன் நல்ல பையன்தான்மா. ஆனா ரெண்டரை மணி நேரம் என் பொண்ணைப் பக்கத்துல உக்காந்து திட்டியிருக்கான். தெரியாமத்தான் திட்டினான். அப்ப தெரிஞ்சா எவ்வளவு திட்டுவான்?"

அம்மா போனை வைத்துவிட்டு, ஜாதகத்தைத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்தார்.

அந்தப் பெயரை ஒரு போட்டோவாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். படம் ஓடாமல் ஐந்தாம் நாளே தியேட்டர் தியேட்டராகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. ஊருக்கு வெளியே பொம்மசந்திரா பக்கம் ஒரு தியேட்டரில் மட்டும் பகல் காட்சி ஒன்று மிச்சம் இருந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். இந்தத் தடவை வாயைத் திறக்காமல் பார்த்தேன். மிருகம் எழுந்தபோது அதன் கழுத்து மடிப்பில் தங்கிய தண்ணீர், அது தலையைத் திருப்பியதும் ஒரு கணம் தயங்கிவிட்டு வழிந்தது. அந்தத் தயக்கத்தை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கதாநாயகன் அப்போதும் மோசம்தான். தண்ணீர் நன்றாக இருந்தது.

பெயர்கள் ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். பெருக்குவதற்கு ஒரு அம்மாள் துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

"படம் முடிஞ்சிடுச்சு சார். வெறும் பேருதான் ஓடுது."

"ஒரு பேரு பாக்கணும்கா. நிறுத்திடாம இருக்கச் சொல்லுங்க."

"யாரு பேரு? உங்க வீட்டம்மாவா?"

"இல்லக்கா," என்றேன். "ஆகியிருக்கலாம்."

அந்த அம்மாள் மேலே ஆபரேட்டர் அறைப் பக்கம் திரும்பி, "ஏய், ஆஃப் பண்ணாதப்பா, விளக்கை அணை!" என்று கத்திவிட்டு, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது. வந்தா சொல்லு," என்றார்.

வந்தது. சொன்னேன். எடுத்தேன். எழுத்து தெளிவாக விழுந்திருந்தது.

மன்னிப்புக் கேட்டுப் பவித்ராவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "தேங்க்ஸ். அப்பா ஃப்ரேம் போடக் குடுத்திருக்கார்." கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: "எங்க டீமை நேத்து வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. படம் ஓடலல்ல."

எத்தனையோ பக்கம் எழுதிய கைக்கு அன்றைக்கு ஒரு வரி வரவில்லை. என் ஒருவனால் ஒரு படம் கவிழ்ந்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கவிழட்டும் என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். "வேறு நல்ல இடம் கிடைக்கும்," என்று கடைசியில் அனுப்பினேன். (வேலையைச் சொன்னேன்.) அதற்குப் பதில் வரவில்லை.

இப்போதும் வீட்டில் சாம்பாரில் உப்பு குறைகிறது என்று நான் வாயெடுத்தால், அம்மா கரண்டியைத் தூக்கி, "இருடா, பேரு போடட்டும். யார் வெச்சதுன்னு பாத்துட்டு அப்புறம் சொல்லு," என்பார். வந்திருக்கும் விருந்தாளிகளுக்கு முழுக் கதையும் நடித்துக் காட்டப்படும். 'தலையை எறக்குங்க' என்ற இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எந்தப் படத்துக்குப் போனாலும் கடைசிப் பெயர் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன், நன்றாகச் சரிந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு. எத்தனையோ ஆயிரம் பெயர்களைப் படித்துவிட்டேன். அந்தப் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.