மண்டபத்து நடுப்படியும் மேலே போன புகையும்

அன்புள்ள மச்சான் முனிசாமிக்கு, புதுப்பட்டினத்திலிருந்து உன் அக்கா புருஷன் கண்ணாயிரம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா வேண்டா, கல்யாணப் பெண்ணான என் மகள் திவ்யா எல்லோரும் சுகம். ஊரப்பாக்கத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். நான் கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்த சமயம், மால் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, மண்டபத்து நடுவுல கூரை வரைக்கும் திறந்து வுட்டு, அதுல படி போடு. பொண்ணு இறங்கி வர்றத மூணு மாடியும் எட்டிப் பாக்கணும்" என்றாய். பக்கத்தில் நின்ற திவ்யா அன்றைக்குப் பிடித்தாள் பிடிவாதம். "மாமா கையப் புடிச்சிகினு அந்தப் படியிலதான் இறங்குவேன்." சரி, மண்டபத்தின் முதல் கல்யாணமே அவளுடையதாக இருக்கட்டும் என்று கட்டி முடித்தேன். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வந்தால்தான் பத்திரிகை அடிக்க முடியும் என்ற நிலைமை. அங்கேதான் மச்சான் மாட்டினேன்.

வந்தவர் விஜயகுமாரி என்று ஒரு மேடம். படியை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அண்ணாந்து கண்ணாடிக் கூரையைப் பார்த்தார். "இன்னா சார், புகைபோக்கி கட்டி அதுக்குள்ள படி போட்டுகீறீங்க? கீழ தீப்புடிச்சா புகை இதுல ஏறி எல்லா மாடியிலயும் ரொம்பும். மேல கீறவங்க இறங்கறதும் இதே வழி. புகை ஏற, ஜனம் இறங்க, ரெண்டும் எங்க சந்திக்கும்?" "படியிலதான் மேடம்" என்றேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "அதான் கூடாது" என்றார். பிறகென்ன, கூரையில் புகையை உறிஞ்ச ராட்சச ஃபேன்கள், மாடி விளிம்புகளில் புகை வந்தால் தானாக இறங்கும் திரைகள், கீழே காற்று வரத் தானாகத் திறக்கும் கதவுகள், போதாததற்குப் பக்கத்தில் சுவர் எழுப்பி மூடிய இன்னொரு படி. அந்தப் படியின் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டுமாம். நம்ம சமையல் ஆட்களோ போகவர வசதி என்று அதற்கு அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அடுத்த முறை வந்த மேடம் அதைப் பார்த்த பார்வையில் அரிசி வெந்திருக்கும். ஒரே பேஜாரு.

கடைசிச் சோதனை நாள். காரியம் தடங்கல் இல்லாமல் முடியட்டும் என்று உன் அக்கா காலையிலேயே ஐயரை வரவழைத்து, அந்தப் படிக்குக் கீழேயே கணபதி ஹோமம் வைத்துவிட்டாள். நானும் யோசிக்கவில்லை, ஐயரும் யோசிக்கவில்லை. மேடம் ஜீப்பை விட்டு இறங்கவும் ஐயர் நெய்யை ஊற்றவும் சரியாக இருந்தது. சைரன் அலற ஆரம்பித்தது. திரைகள் தடதடவென்று இறங்கின. ஃபேன்கள் சுற்றிய வேகத்தில் ஐயரின் மேல்துண்டு மூன்றாவது மாடியைப் பார்த்துவிட்டு வந்தது. கீழ்க் கதவுகள் விரியத் திறந்து நல்ல காற்றை உள்ளே விட்டன. இந்த ஊரில் நல்ல காற்று எதுவென்றால், பக்கத்து மணலில் காயும் கருவாட்டைத் தாண்டி வருகிற காற்று. ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டே மந்திரத்தை முடித்தார்.

சான்று போச்சு, படி போச்சு, திவ்யா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மேடம் மூடிய படி வழியாக மேலே போய், மாடி மாடியாக மோந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "மேல ஒரு ஊதுபத்தி வாசனைகூட இல்ல சார். டெஸ்ட்டுக்குப் புகை மெஷின் எடுத்தாந்தேன், தேவையே இல்ல. ஐயரே முடிச்சிட்டாரு." பாஸ் மச்சான், பாஸ்! நான் அழுதுவிட்டேன், உன்னிடம் சொல்ல வெட்கமென்ன. திவ்யா படியில் ஏறி ஏறி இறங்கினாள்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. தாய்மாமன் நீ உன் புதுக் காரில் ஜம்மென்று வந்து இறங்கி, அவள் கையைப் பிடித்து நடுப்படி வழியாக இறக்கி, கீழே மணமேடையில் உட்கார வைக்க வேண்டும். முழங்காலுக்கு இப்போதே தைலம் தேய். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், உன் சம்சாரத்துக்கு உன் அக்காவின் விசாரிப்பு.

இப்படிக்கு,
படியை ஜெயித்த உன் மாமா,
கண்ணாயிரம்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் மேடத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "முகூர்த்த ஹோமம் எங்க சார்?" என்றார். "படிக்குக் கீழதான்" என்றேன் பெருமையாக. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தாலி கட்டுகிற நேரத்தில் சைரன்! கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டேன். அடிக்காத குறை. சைரன் ஊதினால் அத்தனை பேரும் வெளியே போயே ஆக வேண்டுமாம். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். திவ்யா விழுந்து விழுந்து சிரித்தாள். "எப்படியும் எல்லாரும் வெளிய போவப்போறோம், தாலிய அங்கயே கட்டிக்கலாம்பா. மாமாவோட படியில இறங்கறேன்னுதான சொன்னேன், இறங்கி உள்ளயே உக்காருவேன்னு சொன்னனா?" ஆகவே நீ அவளைப் படியில் இறக்கி, நிற்காமல் நேராக வாசலுக்கு வெளியே கூட்டி வந்துவிடு. அங்கே தகரப் பந்தல். தீப்பிடிக்கிற கீற்று வேண்டாம் என்று மேடம் சொல்லும் முன்பே நானே சொல்லிவிட்டேன். இன்னொன்று, புதுக் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வா. கார் நிறுத்துகிற இடத்தில்தான் மணமேடை.