உன் அக்காவைத் தொலைத்த சைக்கிள் சவாரி

பாலிகஞ்ச், கல்கத்தா
திங்கட்கிழமை

சிரஞ்சீவி நரேனுக்கு, அத்திம்பேர் பட்டாபி அநேக ஆசீர்வாதம். இங்கே எங்கள் பெண் சாதனா வீட்டில் யாவரும் சௌக்கியம். என் முழங்கால்களை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்.

"கல்கத்தாவைக் கார்ல பார்த்தா பார்த்ததாவே ஆகாது அத்திம்பேர், சைக்கிள்ல சுத்துங்கோ" என்று போனில் உபதேசித்தவன் நீதான். அதைக் கேட்டு நேற்றுக் காலை ஆறு மணிக்கு, பக்கத்து ஃப்ளாட்டில் இரவல் வாங்கிய இரண்டு சைக்கிள்களில் நானும் உன் அக்கா சகுந்தலாவும் கங்கையைப் பார்க்கக் கிளம்பினோம். பவானிபூர் தாண்டுவதற்குள் ஒரு போலீஸ்காரர், பெரிய ரோட்டில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்று எங்களைச் சந்துக்குள் விரட்டினார். அங்கே யாரைக் கேட்டாலும் "சோஜா, சோஜா" என்கிறார்கள். நேராகப் போ என்று அர்த்தமாம். சந்தோ பத்தடிக்கு ஒருதரம் வளைகிறது! நான் இறங்கி இறங்கி விசாரித்துக்கொண்டிருக்க, யாரையும் எதுவும் கேட்டறியாத உன் அக்கா மிதித்துக்கொண்டே போய் ஒரு திருப்பத்தில் மறைந்தே போனாள். அவள் போனுக்குப் போட்டால், மணி என் பையிலேயே அடிக்கிறது. இதை உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வேன், நரேன்?

ஒரு மணி நேரம் அலைந்து கங்கைக் கரைக்கு வந்து, டீக்கடையில் கால்பந்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆறு பேரிடம், "பச்சைப் புடவை, சைக்கிள், ஸ்த்ரீ" என்றேன். உடனே கால்பந்தை விட்டுவிட்டு என் சம்சாரத்தைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒருவர், அந்த அம்மாள் சைக்கிளோடு லாஞ்சுப் படகு ஏறி ஹௌராப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்றார்.

அடுத்த லாஞ்சில் நானும் சைக்கிளும் ஏறினோம். அக்கரைப் படித்துறையில் சைக்கிளில் வந்த நான்கு வங்காளிப் பெண்கள் நடுவே உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருக்கிறாள்! அவர்கள் எழுந்து, "பௌதியைத் தனியா விட்டுட்டு எங்கே சுத்தறீங்க?" என்று ஹிந்தியில் என்னையே பிடித்துக்கொண்டார்கள். பௌதி என்றால் அண்ணியாம். உன் அக்காவோ, "ஏன்னா, எங்கே தொலைஞ்சேள்? வழுக்கை, பார்க்கிறவாளையெல்லாம் வழி கேட்பார்னு போலீஸ்ல அடையாளம்கூட சொல்லியாச்சு" என்றாள். கத்தத்தான் வாயைத் திறந்தேன். கண்தான் நிறைந்தது. அவள் கையிலிருந்த பொரியை வாங்கித் தின்றேன்.

திரும்பும்போது என் டயர் பஞ்சர். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இனி ஜன்மத்துக்கும் சைக்கிளைத் தொட மாட்டேன். உன் யோசனைகளை உன்னோடேயே வைத்துக்கொள்.

உனக்கும் உன் சம்சாரம் மாதங்கிக்கும் சகல க்ஷேமமும் உண்டாகட்டும். எங்கே போனாலும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போக பகவான் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
பட்டாபி

பி.கு.: வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு பெண்களோடு, இருபது மைலுக்கு மேல் தள்ளி இருக்கும் சந்தன்நகர் வரை போவதாக ஏற்பாடு. இன்று காலை கடைக்குப் போய்ப் புது சைக்கிள் இரண்டு சொல்லிவிட்டு வந்தேன். கியர் வைத்தது. சாதனாவிடம் மூச்சு விடாதே.