அம்மாவின் மேசை ஆற்றில் வந்த விதம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஹால்வோர் அண்ணனுக்கு, தங்கை சூனிவா எழுதுவது. கர்த்தர் கிருபையால் என் இடுப்பைத் தவிர இங்கே எல்லாம் நலம்.

இன்று காலை, ஆறு கடலில் சேரும் இடத்தில், மிதந்து வரும் கட்டைகளை நிறுத்தும் தடுப்பருகே, மேசை கரையேறியபோது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் எம்ரிக், மகள் ஆஸ்லாக், கட்டை பிரிக்கும் மேஸ்திரி தூரே, போதகர் ஐயா. போதகரை யாரும் கூப்பிடவில்லை.

"பனிக்கட்டி உடைந்ததும் அம்மாவின் சாப்பாட்டு மேசையைக் கட்டைகளோடு கட்டி ஆற்றில் விடுகிறேன், ஆறு உன் வாசல் வழியாகத்தானே போகிறது" என்று ஈஸ்டருக்கு எழுதினீர்கள். தேவாலயத்தில் ஆஸ்லாக்கைத் திடப்படுத்தும் ஆராதனை முடிந்து நடக்கும் விருந்து அந்த மேசையில்தான் நடக்க வேண்டும் என்று நான் ஜெபித்தது உண்மை. லாரியில் வர வேண்டும் என்று சேர்த்துக் கேட்கத் தோன்றவில்லை. இங்கே செர்ரி பூத்த நாள் முதல் தொலைபேசியை விட்டு நான் நகரவில்லை. உங்கள் மலைக்குக் கீழே அருவியருகே குடியிருப்பவர்கள் பார்க்கவே இல்லை என்றார்கள், நுரையில் தெரிந்திருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், அப்புறம் நீள ஏரியிலிருந்து தகவல், "மேசை இருக்கும்மா, காலெல்லாம் வானத்தப் பாத்துக்கிட்டு" என்று. ஆனால் ஏரித் தண்ணீருக்கு எங்கும் போகிற அவசரமே இல்லை, தெற்குக் காற்று வேறு அதை வந்த வழியே தள்ள, அதில் உட்கார்ந்து மீன் பிடித்தார்களாம், பிறகு அணையில் மதகு திறக்கக் காத்துக் கிடந்து, சமவெளியில் ஆறு வளைகிற இடமெல்லாம் மணல்திட்டில் ஏறி இறங்கி, உப்புத்தண்ணீர் தொடங்கும் இடத்தில் ஒரு கால் குறைவாக வந்து நின்றது.

தூரே கொக்கியால் இழுத்தபடி, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா டென்மார்க்குல யாராச்சும் இதுல சாப்பிட்டிருப்பாங்க" என்றார்.

எம்ரிக் அதைச் சுற்றி வந்தார். "உங்கம்மா மேசை இன்னும் நீளமா இருந்த ஞாபகம்."

"இவ்ளோ தூரம் தண்ணியில வந்தா நீங்களும்தான் தேஞ்சிருப்பீங்க. பேசாம ஒரு பக்கம் தூக்குங்க" என்றேன்.

அம்மாவின் கத்திக் கீறலைத் தடவி அழுதேன். போதகர் ஐயா மேசையை ஆசீர்வதித்தார். அதன்மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்; போன காலுக்குப் பதில் விறகுப்பெட்டி நிற்கிறது. இனி எதையும் ஆற்றில் அனுப்பாதீர்கள், எனக்குத் தெம்பில்லை. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் சமாதானம் தருவாராக.

பி.கு.: தபால்காரர் இப்போதுதான் உங்கள் கடிதத்தைத் தந்தார். அங்கே ஆறு இன்னும் உறைந்தே கிடப்பதாகவும், அம்மாவின் மேசை வைக்கோல் கொட்டகையில் பத்திரமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். விருந்து வருகிற ஞாயிறு; கொடுத்த ஆசீர்வாதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி போதகரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏரிப் பக்கம் யாராவது மேசையைத் தொலைத்திருக்கிறார்களா என்று விசாரித்து, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.