கனகாம்பரம் சாரின் வெள்ளிக்கிழமை

அமெரிக்காவில் ஒரு கம்பெனி முழுவதையும் 'கனகாம்பரம்' என்று பிழையில்லாமல் சொல்ல வைத்த ஒரே இந்தியர் எங்கள் கனகாம்பரம் சார்தான். மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் காதால் கேட்டவன்.

தெலுங்கு நாட்டுத் தலைநகரில், மாதாப்பூர்ப் பக்கம் வாரம் ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்த காலம். அதில் ஒன்றின் நாலாவது மாடியில் அவர் எங்கள் டீம் லீடர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் டீ-ஷர்ட்டில் வர, இவர் மட்டும் கனகாம்பரக் கலரில் முழுக்கைச் சட்டை போட்டு வருவார். அவர் லிஃப்டுக்குள் நுழைந்தால் உள்ளே இருப்பவர்கள் முகமெல்லாம் ஆரஞ்சாகிவிடும்.

பெயர் வந்த கதை இதுதான். வெள்ளிதோறும் சாயங்காலம் ஒவ்வொரு டீமும் வேலைக்கு ஒரு நிறம் போட்டு அமெரிக்காவுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் வேலை மூழ்குகிறது. பச்சை என்றால் ஜோர். இரண்டுக்கும் நடுவே, எப்படியும் போகலாம் என்றால், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த 'ஆம்பர்'. சாருக்கு இந்த ஆம்பர்தான் ஆகாது.

"ஆம்பர்னா என்னன்னு தெரியுமாய்யா? திமிங்கிலத்து வயித்துல ஊறுற வாசனைச் சரக்கு. அரபிக்காரன் அதை அம்பர்னான். அப்புறம் மரப்பிசினுக்கும் அதே பேரை ஒட்டி, பிசினோட நிறத்துக்கும் ஒட்டிட்டாங்க. திமிங்கிலத்து வயித்துல கிடந்ததை எல்லாம் என் ரிப்போர்ட்ல ஏத்த முடியாது."

ஏற்றவில்லை. ஆம்பர் இருந்த இடத்தில் கனகாம்பரம் என்று அடித்தார்.

எங்கள் டீமில் இருந்த, பழைய நகரத்து உருதுக்காரன் சலீமுக்குப் பொறுக்கவில்லை. "கைக்கு சார், இத்தா லம்பா நாம்? பீலா லிக்கோ!" எதற்கு இவ்வளவு நீளப் பெயர், மஞ்சள் என்று எழுதிவிட்டுப் போங்களேன் என்கிறான்.

"பீலா நக்கோ," என்று அவன் பாஷையிலேயே மறுத்தார் சார். "மஞ்சள் வேற, இது வேற. கண்ணைத் தொறந்து பாரு."

அத்தோடு விட்டாரா? சிவப்பைச் செம்பருத்தி ஆக்கினார், பச்சையை மரிக்கொழுந்து ஆக்கினார். "சார், அது பூவே இல்லையே, இலைதானே?" என்றேன்.

"கதம்பத்துல சேர்த்துக் கட்டுறாங்களா இல்லையா? அப்பச் சரி."

ஆனால் எந்த வேலைக்கும் அவர் மரிக்கொழுந்து கொடுத்ததே கிடையாது. தேதிக்கு முன்பே முடித்துக் கொடுத்து, பாராட்டு வந்து, நாங்கள் பிரியாணி தின்று கை கழுவிய வேலைக்கும் கனகாம்பரம்தான். கேட்டால், "திங்கக்கிழமை என்ன ஆகும்னு யாருக்குய்யா தெரியும்?" என்பார்.

ஒருநாள் எங்கள் வேலைக்குப் பணம் கொடுக்கும் அமெரிக்க அம்மாள் போனிலேயே கேட்டுவிட்டார், இது என்ன சொல் என்று. சார் காபி டம்ளரை நகர்த்தி வைத்தார். நாங்கள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டோம். "கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. முதலில் அது துணியின் பெயர். துணியிலிருந்து பூவுக்குப் போனது. பூவிலிருந்து நிறத்துக்குப் போனது. இப்போது எங்கள் பெண்கள் ஜவுளிக்கடையில் கனகாம்பரக் கலர் புடவை கேட்கிறார்கள். பெயர் துணிக்கே திரும்பி வந்துவிட்டது, அம்மா!" என்று தன் இங்கிலீஷில் முழங்கினார். மறுமுனையில் அந்த அம்மாள் மெதுவாக, எழுத்துக் கூட்டி, "கனகாம்பரம்" என்றார். அடுத்த மாதம் அங்கே வரவேற்பறைப் பெண்கூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

பிறகு அமெரிக்காவில் பாங்குகள் சரிந்தன. மாதாப்பூரில் கான்டீன் காலியாக ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

நான் நகரத்து வடகோடியில், தமிழர்கள் நிறைந்த லோத்குண்டாப் பையன். பெண் சுதா, தெற்குப் பக்கம் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ். அவள் அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப்பரிசோதனை வேலை. துளி சந்தேகம் வந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்பியே பழகிய மனிதர். அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பேப்பர்ல என்னென்னமோ போடறான். உங்க ஆபீஸ் பெரியவர் யாரையாவது கூட்டிட்டு வாங்க. வேலை நிக்கும்னு அவர் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா, கல்யாணப் பத்திரிகை அடிச்சிடலாம்."

பெரியவர் என்று எனக்கு இருந்தது கனகாம்பரம் சார்தான். வேறு வழியில்லாமல் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். வழிநெடுக மந்திரம் ஓதினேன். "சார், ஒரே ஒரு தடவை பச்சைன்னு சொல்லிடுங்க. என் வாழ்க்கை சார்."

"பார்ப்போம்," என்றார்.

சிக்னலில் மஞ்சள் விளக்கு விழுந்தது. "கனகாம்பரம்! மெதுவா!" என்று கத்தினார் சார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "புவ்வுலா சார்?" என்று, பூ வேண்டுமா எனத் தெலுங்கில் கேட்டு, சமர்த்தாக ஒரு பூக்காரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்திய பாவத்துக்குச் சார் இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டார்.

காஞ்சன்பாக் வீட்டில் மிக்சர் வந்தது, காபி வந்தது. சுதாவின் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "சொல்லுங்க சார், தம்பி வேலை எப்படி?"

நான் சாரைப் பார்த்தேன். சார் மேஜைமேல் பூப்பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

"கனகாம்பரம்," என்றார்.

அங்கேயே எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வாசலை அடைத்துக்கொண்டு சாரின் நாற்காலி.

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார். நிக்கலாம், போகலாம். பச்சைன்னு சொன்னா நான் பொய்யன். ஆனா இந்தப் பூவைப் பாருங்க. பொன்னாடைன்னு பேரு. குண்டுமணி தங்கம் கிடையாது. வாசனையும் கிடையாது. மல்லி சாயங்காலமே கசங்கிடும். இது மறுநாளும் அப்படியே நிக்கும். உங்க மாப்பிள்ளையும் அந்த ஜாதிதான். பெருசா ஒண்ணும் கிடையாது. ஆனா வாடமாட்டான்."

என்னை இதைவிடக் கேவலமாக யாரும் புகழ்ந்ததில்லை.

சுதாவின் அப்பா தாடையைத் தடவினார். திருப்பி அனுப்பும் முகம்தான். அப்போது உள்ளிருந்து சுதாவின் பதில், அங்கேயே வளர்ந்த பழக்கத்தில் தெலுங்கில் வந்தது. "அப்பா, நாகு ஓகே!" எனக்குச் சம்மதம் என்கிறாள். பச்சை என்று சொல்லியிருந்தால்தான் இந்தப் பெரியவரை நம்பியிருக்க மாட்டேன் என்று பிற்பாடு சொன்னாள். அவள் அம்மா வந்து, பூவை எடுத்து உள்ளே கொண்டுபோனார். பத்திரிகை அச்சுக்குப் போனது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் புராஜெக்டை மூடினார்கள். சார் வாழ்க்கையில் முதன்முறையாகச் செம்பருத்தி என்று அடித்து அனுப்பினார். என்னோடு சேர்ந்து அவருக்கும் வேலை போனது. நான் உடனே காஞ்சன்பாக்குக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். சுதாவின் அப்பா, "சரக்குன்னா திருப்பி அனுப்பலாம். மனுஷனை எப்படித் தம்பி அனுப்பறது? வந்து சேருங்க," என்றார்.

முகூர்த்தத்துக்குச் சார் அதே ஆரஞ்சுச் சட்டையில் வந்தார். வேலை போன மனிதர் மாதிரியே இல்லை. பந்தியில் இரண்டாவது தரம் பாயசம் கேட்டு வாங்கினார். மேடைக்கு வந்ததும் என் மாமனார் சிரித்துக்கொண்டே, ஆனால் குரலில் கொஞ்சம் கவலையோடு, "என்ன சார், இன்னிக்கு ஸ்டேட்டஸ் என்ன?" என்று கேட்டார்.

சார் அவசரப்படவில்லை. என்னைப் பார்த்தார். சுதாவைப் பார்த்தார். சுதா என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மரிக்கொழுந்து," என்றார்.

நான் அவர் காதருகே குனிந்தேன். "சார், புராஜெக்ட்தான் மூடியாச்சே?"

"நான் புராஜெக்டையா சொன்னேன்?"

அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீஸ், எத்தனையோ மேனேஜர்கள். வாராவாரம் எனக்குப் பச்சை போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். நான் நம்பியது அந்த ஒரு மரிக்கொழுந்தைத்தான். இன்றுவரை அது நிறம் மாறவில்லை, சார்.