சம்பளமில்லாத ஜெனரல் மேனேஜர்

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்ள அதிகம் சிரமப்பட வேண்டாம். பேஸ்பால் அணி ஒன்று விடாமல் தோற்றுக்கொண்டிருக்கும் ஊராகப் பார்த்து, அந்த ஊரில் ஒரு பாராகப் பார்த்து, அந்த பாரில் தொலைக்காட்சிக்கு நேர் எதிரே போட்டிருக்கும் ஸ்டூலைப் பாருங்கள். அதில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் பீரைப் பிடித்து, மறு கையால் ஆட்டக்காரர்களை வாங்கி, விற்று, வீட்டுக்கு அனுப்பி, பயிற்சியாளரைத் தூக்கி, அவருக்குப் பதிலாக வேறு ஆளை நியமித்து, அந்த ஆளும் சரியில்லை என்று அவரையும் தூக்கிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். அணியின் அலுவலகத்தில் கோட்டு போட்டுக்கொண்டு சம்பளம் வாங்குகிற ஜெனரல் மேனேஜர் ஒருவர் தனியாக இருக்கிறார். அவரைச் சொல்லவில்லை. இவர் சம்பளம் வாங்காதவர். லீவும் எடுக்காதவர்.

எங்கள் ஏரிக்கரை ஊரில் இந்த இனம் அமோகமாக விளைகிறது. எங்கள் ஃபெரிமென் அணி கடைசியாகக் கோப்பை வாங்கிய வருஷம் பிறந்தவர்களுக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள் என்றால் விளையாமல் என்ன செய்யும்? அதில் நல்ல முற்றலாக ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் லென்னி கபுஸ்தாவைப் பார்க்க வேண்டும். லென்னி, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பழுதுபார்க்கிறவர். பனிக்காலம் முழுக்க யார் வீட்டு நிலவறையிலாவது முட்டிபோட்டுக் கிடப்பார். வெயில் வந்துவிட்டால் ஃபர்னஸ் என்று ஒன்று இருப்பதே ஊருக்கு மறந்துபோகும். ஆகவே கோடை முழுவதும் ஃபெரிமென் அணியை நிர்வகிக்க அவருக்கு ஒழிவு உண்டு. அலுவலகம், ஹெட்டியின் பார்.

டிரேடு என்றால் அவருக்கு உயிர். நம் ஆளைக் கொடுத்து எதிராளியின் ஆளை வாங்கும் இந்தப் பண்டமாற்றில் லென்னியின் கொள்கை மிகவும் எளிமையானது. நம்மிடம் இருக்கும் உதவாக்கரைகள் இருவரைக் கொடுப்பது. அவர்களிடம் இருக்கும் வைரம் ஒன்றை வாங்குவது.

"அந்த நொண்டி கேட்சரையும், அந்த வாய்ச்சவடால் பிட்சரையும் சேர்த்து மேற்குக்கரைக்காரன் தலையில கட்டணும். பதிலுக்கு, பறந்து பறந்து பந்து பிடிக்கிறானே, அவனோட ஷார்ட்ஸ்டாப், அவனை வாங்கணும்" என்பார்.

"அவன் எதுக்குக் குடுக்கணும்?" என்று ஹெட்டி தம்ளர் துடைத்துக்கொண்டே கேட்பாள்.

"கேட்டாத்தானே தெரியும்? நம்மாளு கேக்கவே மாட்டேங்கிறான்."

இவர் போன் செய்ய மாட்டாரா, ஏமாற மாட்டோமா என்று எதிர் அணி மேனேஜர்கள் எல்லாம் பல் தேய்க்காமல்கூடக் காத்திருக்கிறார்கள் என்பது லென்னியின் நம்பிக்கை. நிஜமான மேனேஜர் ஏதாவது டிரேடு செய்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். "அல்வா குடுத்துட்டானுங்க" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். ஒரு வருஷம் கழித்து அதே ஆளைத் திருப்பி அனுப்பினால், "தங்கமான பயல், அவனையா விட்டீங்க?" என்று மறுபடியும் தலையில் கை வைத்துக்கொள்வார். வானொலியில் ரசிகர்கள் பேசும் நிகழ்ச்சிக்குத் தவறாமல் போன் போடுவார். தன் கல்யாண நாளை, "ரோலன்ஸை வித்துத் தொலைச்சாங்களே, அதுக்கு அடுத்த சனிக்கிழமை" என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறார். அவர் மனைவி டோலோரஸுக்கு ரோலன்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவரிடம் ஒரு மந்திரம் உண்டு. முப்பத்தைந்து தாண்டிய ஆட்டக்காரன் ஒருவன் பந்தைத் தவறவிட்டால் போதும், லென்னி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது வியாபாரம். இதுல உணர்ச்சிக்கு இடமே இல்லை. அனுப்பு அவனை" என்பார்.

"அதானே" என்பார் பக்கத்து ஸ்டூலில் இருப்பவர்.

இந்தப் பக்கத்து ஸ்டூல்காரரைச் சொல்லாமல் விட்டால் லென்னியைப் பாதிதான் சொன்னதாகும். பெயர் யூஜின். ஊருக்கு ஜீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், டோலோரஸின் அண்ணன், ஆகவே லென்னிக்கு மச்சான். பரம சாது. லென்னி சொல்லும் ஒவ்வொன்றுக்கும், அவர் நேற்று சொன்னதற்கு நேர் மாறாக இருந்தாலும், "அதானே" என்பதுதான் ஜீன் இந்த உலகத்தில் செய்துவந்த திருப்பணி. வெள்ளிக்கிழமை வறுத்த மீன் வந்தால் தன் தட்டிலிருக்கும் ஊறுகாய் வெள்ளரியை எடுத்து லென்னியின் தட்டில் வைப்பார். லென்னி அதைப் பார்க்காமலே எடுத்துத் தின்றுவிட்டு அணியைக் கலைப்பதைத் தொடர்வார்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஹெட்டியால்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் எங்கள் பார்களுக்குள் சாஃப்ட்பால் போட்டி நடக்கும். பேஸ்பாலுக்குத் தங்கச்சி முறை. பந்து கொஞ்சம் பெரிது, ஆடுகிறவர்களின் வயிறும் கொஞ்சம் பெரிது. ஹெட்டியின் அணியை நடத்திக்கொண்டிருந்தவர் மகள் வீட்டோடு போய்விடவே, ஹெட்டி லென்னியிடம் வந்து நின்றாள்.

"தினம் ஃபெரிமென்னை நடத்திக் கிழிக்கிறியே, என் ஆளுங்களை நடத்து பார்ப்போம்."

"எனக்கு எங்கே நேரம் இருக்கு?" என்று லென்னி பிகு பண்ணிக்கொண்டார். முகமெல்லாம் பல்.

அணி தோற்றது. மறுவாரமும் தோற்றது. ஏன் தோற்கிறது என்பது மைதானத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்குக்கூடத் தெரிந்தது. முதல் பேஸில் ஜீன். அங்கே நிற்பவருக்குப் பந்தைப் பிடிப்பது ஒன்றுதான் வேலை. ஜீனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. பந்து வந்து, விசாரித்து, கடந்து போன பிறகுதான் குனிவார். லென்னிக்கு இது தெரியாதா? தெரியும். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுவார்களா? தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற கர்ட்டிஸ் ஒரு நாள் பாரில் எல்லோர் முன்னிலையிலும் ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா லென்னி, ஃபெரிமென்ல இப்படி ஒருத்தன் முதல் பேஸ்ல நின்னா நீ என்ன சொல்லுவே?"

லென்னி பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் என்ன சொல்லுவார் என்பது அந்த பாருக்கே மனப்பாடம். நல்லவேளையாக அன்றைக்கு ஜீன் வரவில்லை.

ரோஷம் வந்துவிட்டது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் பார் வைத்திருக்கும் முல்வேனிக்கு லென்னி போன் போட்டார். முல்வேனியின் அணியில் பந்து வீசுகிற பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் நோரீன். அவள் வீசினால் பந்து கண்ணுக்கே தெரியாது. லென்னி எடுத்த எடுப்பில் அவளைத்தான் கேட்டார்.

"நோரீனைக் கேக்குறியா? ஜீனைக் குடுத்துட்டா?" என்று முல்வேனி சிரித்தார். பிறகு, "சரி, ஒண்ணு பண்ணலாம். ஜீனை இப்போ அனுப்பு. பதிலுக்கு ஒரு ஆள் தரேன். யாருங்கிறதை அப்புறம் சொல்றேன்" என்றார்.

பெரிய அணிகளில் இது நடப்பதுதான். ஒருவரை இப்போது கொடுத்துவிடுவார்கள். பதில் ஆள் யார் என்பதைப் பிற்பாடு பேசிக்கொள்வார்கள். தானும் அந்த மாதிரி ஒரு டிரேடு செய்யும் நாள் வந்ததே என்று லென்னிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒப்புக்கொண்டார்.

ஜீனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தார். நாளைக்குச் சொல்லலாம், மீன் தின்னும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். ஹெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. சூப் விவரம் எழுதும் கரும்பலகையில், 'இன்று காளான் சூப்' என்று எழுதி, அதற்குக் கீழே 'ஜீன் இனி முல்வேனி அணியில்' என்றும் எழுதிவிட்டாள். ஜீன் வந்தார், சூப் என்ன என்று பார்த்தார், கீழேயும் படித்தார். மறுநாள் தன் அணிச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்து லென்னியின் முன்னால் வைத்தார்.

"இல்லை மச்சான், நானே சொல்லணும்னுதான்..."

"உணர்ச்சிக்கு இடமில்லைன்னு நீ சொல்றதுதானே மாப்ளே" என்றார் ஜீன். அவர் அதைக் குத்திக்காட்டக்கூடச் சொல்லவில்லை. அதுதான் லென்னியை என்னவோ செய்தது.

வீட்டில் டோலோரஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணனை முல்வேனிகிட்ட குடுத்துட்டியாமே."

"டிரேடு."

"பதிலுக்கு யாரு வர்றாங்க?"

"ஒரு ஆள்."

"எந்த ஆள்?"

"அதை அப்புறம் சொல்லுவாங்க."

டோலோரஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "ஆள் யாருன்னே தெரியாம எங்க அண்ணனைக் குடுத்துட்டு வந்திருக்கே. ஒரு சோபா வாங்கணும்னாகூட நாலு கடை ஏறி இறங்குறவன் நீ" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஜீன் வரவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஹெட்டியின் அணி ஜெயிக்க ஆரம்பித்துவிட்டது. அவளுடைய சமையற்காரன் முதல் பேஸில் நின்றான். வந்த பந்தையெல்லாம் லபக் லபக்கென்று பிடித்தான். கர்ட்டிஸ்கூட லென்னியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். லென்னி பக்கத்து ஸ்டூலைப் பார்த்தார். யாரோ அதில் மழைக்கோட்டைப் போட்டுவைத்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையும் ஃபெரிமென் தோற்றுக்கொண்டிருந்தது. லென்னி நிமிர்ந்து உட்கார்ந்து, "இந்தப் பயலை அனுப்பணும்" என்றார். யாரும் "அதானே" என்று சொல்லவில்லை. அவர் தட்டில் ஒரே ஒரு ஊறுகாய் வெள்ளரி இருந்தது. முப்பது வருஷச் சிநேகம். ஒரு ஜெயிப்புக்காக அதைத் தொலைத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்கப் பீர் இறங்கவில்லை.

எழுந்து நேராக ரயில்பாதையைத் தாண்டி முல்வேனியின் பாருக்குப் போனார். கதவைத் தள்ளும்போதே உள்ளேயிருந்து ஜீனின் குரல் கேட்டது. சாதுவான ஜீன், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியறியாத ஜீன், முன்பின் தெரியாத நாலு பேரைப் பிடித்துவைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்:

"இப்போ லென்னி இங்க இருந்தா இதுக்கு என்ன சொல்லுவான் தெரியுமா..."

முல்வேனி லென்னியைப் பார்த்ததும் அவசரமாக வந்தார். "நல்ல நேரத்துக்கு வந்தே. பதிலுக்கு ஒரு ஆள் தரேன்னேனே, அந்த விஷயம். நோரீன் வீடு மாத்திக்கிட்டு உங்க ஹெட்டி இருக்கிற தெருவுக்கே வந்துட்டா. அங்கேயே ஆடுறேங்கிறா. பேச்சுன்னா பேச்சு, எடுத்துக்கோ."

நீங்கள் லென்னியின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். உதவாக்கரையைக் கொடுத்து வைரத்தை வாங்கும் டிரேடு. வாழ்நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கண்ட கனவு, தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. நாளைக்கே வானொலியில் சொல்லலாம்.

"நோரீன் வேண்டாம்" என்றார் லென்னி. "ஜீனைக் குடு."

"நீ குடுத்ததே ஜீனைத்தானேப்பா."

"அதான். அவனையே குடு."

முல்வேனி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜீன் பிடித்துவைத்திருந்த நாலு பேரையும் பார்த்தார். அவர்களுடைய முகத்தில் தெரிந்த கெஞ்சலுக்கு மனமிரங்கி, "கூட்டிட்டுப் போ" என்றார்.

ஜீன் மெதுவாக எழுந்து வந்தார். "மாப்ளே, அந்தப் பொண்ணு நல்லா வீசுறா. உணர்ச்சிவசப்பட்டு..."

"வாயை மூடிக்கிட்டு வா மச்சான். மீன் ஆறிப்போகும்" என்றார் லென்னி. குரல் உடைந்திருந்ததை இருவருமே கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

ஹெட்டியின் பாரில் அன்றைக்கு நடந்த விவாதம் போல் இதற்கு முன்பும் நடந்ததில்லை, இனியும் நடக்கப்போவதில்லை.

"ஜீனைக் குடுத்து ஜீனையே வாங்கியிருக்கான்" என்றார் கர்ட்டிஸ். "சரி, சமமான டிரேடுன்னு சொல்லுவீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நாம குடுத்த ஜீன் இவனைவிட ஒரு மாசம் இளையவன்."

"முட்டியும் அப்போ இவ்வளவு மோசமில்லை" என்றான் சமையற்காரன்.

"அல்வா குடுத்துட்டான் முல்வேனி" என்றாள் ஹெட்டி.

லென்னி எதற்கும் அசையவில்லை. தன் தட்டில் வந்து விழுந்த வெள்ளரியைப் பார்க்காமலே எடுத்துக் கடித்தார். தொலைக்காட்சியில் ஃபெரிமென் அணியின் கிழட்டு ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கோட்டைவிட்டார். லென்னி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது வியாபாரம். உணர்ச்சிக்கு இடமே இல்லை. அனுப்பு அவனை."

"அதானே" என்றார் ஜீன்.

பாவம், திருந்தாத ஜென்மங்கள் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பேஸ்பாலை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்ல வேண்டும். லென்னி நோரீனை வேண்டாம் என்றபோது, 'அடடா, முல்வேனி அவ்வளவு இறங்கி வந்திருக்கிறானே, ரெண்டு பேரையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே, கேட்டால்தானே தெரியும்?' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியதா? அப்படியானால் வாருங்கள் மேனேஜர் சார். ஹெட்டியிடம் சொல்லி இன்னொரு ஸ்டூல் போடச் சொல்கிறேன்.